குளமும் தளமும்

செஞ்சி நகரை ஒட்டி, சிறுகடம்பூர்ப் பக்கத்தில், திருநாதர்குன்று என்றொரு பாறைக்குன்று இருக்கிறது. அதன்மேல் ஒரே பெரும்பாறையின் முகத்தில் 24 தீர்த்தங்கரர்களின் திருவுருவங்களை இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அவற்றைத் தரிசிக்க ஏறி வருகிறவர்கள், அங்கேயே பாறையில் வெட்டப்பட்டிருக்கும் சில வரிகளையும் சற்று நின்று பார்க்க வேண்டும். 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர் நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் ஞாபகார்த்தமாகப் பொறிக்கப்பட்ட அந்தச் சாசனத்தில்தான் தமிழின் ‘ஐ’ என்னும் எழுத்து முதன்முதலாகத் தென்படுகிறது என்பது சாசன ஆராய்ச்சியாளர்களின் அபிப்பிராயம். ஏறத்தாழ 1500 ஆண்டுகளாக வெயிலையும் மழையையும் தாங்கிக் கிடக்கும் அவ்வெழுத்துகளை, பழைய வரிவடிவம் அறிந்த ஒருவர் இன்றும் படித்துவிடலாம்.

அதே ஊரில், செஞ்சிக் கோட்டைப் பாதைகளில் சேரும் பிளாஸ்டிக் குப்பையை ஞாயிறுதோறும் பொறுக்குவதும் ஏரிக்கரைகளில் பனைவிதை ஊன்றுவதுமாக இருந்த ஒரு தன்னார்வக் குழுவினர், சில ஆண்டுகளுக்கு முன்னர் மிகுந்த உற்சாகத்தோடு ஓர் இணையதளம் தொடங்கினார்கள். கோட்டையின் சரித்திரத்தைப் பற்றிய பக்கங்களை நான் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் ஆண்டின் முடிவில் ஒரு நாள் அந்த முகவரியைத் திறந்தபோது, எங்கள் பக்கங்கள் இருந்த இடத்தில் ஏதோ ஒரு சூதாட்ட விளம்பரம் இருந்தது. தளத்தை அமைத்துக் கொடுத்த இளைஞர் வேலை கிடைத்து வெளிநாடு போயிருந்தார். முகவரிக்கு ஆண்டு வாடகை கட்டச் சொல்லி வந்த நினைவூட்டல்களெல்லாம், அவர் திறப்பதையே விட்டுவிட்ட ஒரு பழைய மின்னஞ்சல் பெட்டியில் போய்ச் சேர்ந்திருந்தன. அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஓர் இணையதளம் எப்படிப்பட்ட வஸ்து, அது எவற்றால் உயிர் வாழ்கிறது என்பதை எங்களில் ஒருவரும் விசாரித்து அறிந்துகொள்ளவில்லை என்பதே உண்மை. அன்றுமுதல் நான் விசாரித்து அறிந்துகொண்டவற்றை, இத்தகைய தொண்டில் ஈடுபட்டிருக்கும் மற்றவர்களுக்கும் உபயோகப்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

கணினிகள் ஒன்றையொன்று பெயரால் அறிவதில்லை, எண்ணால் அறிகின்றன. இணையத்தில் இணைந்திருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு. மனிதர்களுக்கோ எண் ஞாபகத்தில் நிற்பதில்லை, பெயர்தான் நிற்கிறது. ஆகவே பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் ஒரு பதிவேடு தேவைப்பட்டது. அப்பதிவேட்டை ஒரே இடத்தில் வைக்காமல், உலகமெங்கும் பகிர்ந்து வைத்து, ஒன்று அறியாததை அடுத்ததிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படியான ஒரு முறையை 1983-ல் அமெரிக்காவில் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் வகுத்தார். நாம் செல்பேசியில் ஒரு தளத்தின் முகவரியைத் தட்டியவுடன், முதலில் நடப்பது இந்த விசாரணையே. எண் கிடைத்த பிறகு, அந்த எண்ணுக்குரிய கணினியைத் தேடிச் சென்று, இன்ன பக்கம் வேண்டும் என்று கேட்கிறது செல்பேசி. அந்தக் கணினி, அதாவது சர்வர், தன்னிடமுள்ள கோப்பை அனுப்பி வைக்கிறது. இத்தனையும் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் நடந்து முடிகின்றன.

எனவே ஒரு தளம் நிலைப்பதற்குப் பெயர் வேண்டும், கோப்புகளை வைக்க இடம் வேண்டும், வைப்பதற்குரிய கோப்புகளும் வேண்டும். இவற்றில் பெயரை யாரும் கிரயம் செய்து வாங்கிவிட முடியாது, குத்தகைக்கே கிடைக்கும். டாட் காம், டாட் ஆர்க் போன்ற பெயர்களை ஒரே தவணையில் அதிகமாகப் பத்தாண்டுக்குப் பதிவு செய்யலாம், அதற்கு மேல் இயலாது. இடத்திற்கும் வாடகை உண்டு. தளத்திற்கும் வாசகனுக்கும் இடையே செல்லும் செய்தியைப் பிறர் பாராதபடி காக்கும் அத்தாட்சிப் பத்திரம் ஒன்றும் இக்காலத்தில் அவசியமாகிவிட்டது. 2015 முதல் அதை இலவசமாக வழங்கிவரும் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் ஸ்தாபனத்தின் பத்திரத்துக்கு ஆயுள் அதிகம் போனால் 90 நாட்களே. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு அறுந்துபோனால், ‘இந்தத் தளம் பாதுகாப்பானதன்று’ என்ற எச்சரிக்கையைக் கண்டு வருகிறவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். பாறையில் வெட்டிய எழுத்து, வெட்டியவன் மறைந்த பின்னும் தானே நிற்கிறது. இணையத்தில் வைத்த எழுத்தை யாரேனும் ஒருவர் இடைவிடாது தாங்கிக்கொண்டிருந்தால்தான் அது நிற்கும்.

ஆகவே, சாசனத்தை உவமையாகக் கொள்வதைக் காட்டிலும் குளத்தை உவமையாகக் கொள்வதே இதற்குப் பொருந்தும். செஞ்சிக் கோட்டையில் செட்டிக்குளம், சக்கரக்குளம் என்று குளங்கள் உண்டு. சுற்றியுள்ள கிராமங்களில் ஏரி இல்லாத ஊர் அபூர்வம். ஏரியை வெட்டியவன் பெயரைச் சில வேளை கல்வெட்டு சொல்லும். ஆனால் ஆண்டுதோறும் கோடையில் வீட்டுக்கு ஒருவராக மண்வெட்டி எடுத்து வந்து, வண்டலை அள்ளி, கரையை உயர்த்தி, மதகைச் செப்பனிட்ட குடிமராமத்துக்காரர்களின் பெயரை எந்தக் கல்லும் சொல்வதில்லை. நீர் நின்றது அவர்களால்தான். மராமத்து நின்ற ஊர்களில் ஏரி மேடாகிப்போன விதத்தை நம் தலைமுறை கண்ணால் கண்டிருக்கிறது. இணையத்திலும் நிலைமை அதுவே. 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் நூற்றுக்கு 38 பத்தாண்டுக்குள் கிடைக்காமற் போய்விட்டன என்று பியூ ஆராய்ச்சி நிலையத்தார் 2024-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். இணையதளங்களுக்குப் பிறப்பிடமான ஸெர்ன் ஆய்வுக்கூடத்திலேயே, டிம் பெர்னர்ஸ்-லீ அமைத்த உலகின் முதல் இணையதளம் அதன் முதல் வடிவில் காக்கப்படவில்லை. 2013-ல்தான், தேடிக் கிடைத்த ஒரு பழைய பிரதியைக் கொண்டு, அதன் பூர்வ முகவரியில் மீண்டும் நிறுவினார்கள்.

இந்நிலையில், சம்பளம் வாங்காத தொண்டர்களைக் கொண்டே கால் நூற்றாண்டுக்கு மேல் பழுதின்றி நடந்துவரும் தமிழ்த் தளம் ஒன்று இருக்கிறது என்பது நாம் பெருமைப்படத்தக்க விஷயம். அதுதான் மதுரைத் திட்டம். 1998-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளன்று, ஸ்விட்ஸர்லாந்தின் லொஸான் நகரில் இரசாயன விஞ்ஞானியாகப் பணியாற்றிய கல்யாணசுந்தரமும், அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று தொடங்கிய இம்முயற்சி, பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு, பிழை திருத்தி, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைப்பதையே காரியமாகக் கொண்டது. நூல்களுக்கு இட்ட வரிசை எண்களில் முதலாவது திருக்குறளுக்கு. அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் 1971-ல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் இதற்கு முன்மாதிரி என்றாலும், தமிழுக்கு ஏற்பட்ட சங்கடம் ஆங்கிலத்துக்கு ஏற்படாத ஒன்று. அதைத் தாண்டி வந்த விதத்தில்தான் ஒரு தளத்தைப் பேணுவது என்றால் என்ன என்பது நன்கு விளங்குகிறது.

கணினிக்கு எழுத்து என்பதே கிடையாது. அது அறிந்தது எண் மட்டும். இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்று மனிதர்கள் செய்துகொண்ட உடன்படிக்கையினால்தான் திரையில் எழுத்து தோன்றுகிறது. ஆங்கிலத்துக்கு அந்த உடன்படிக்கை 1960-களிலேயே ஏற்பட்டுவிட்டது. தமிழுக்கோ நெடுங்காலம் பொது உடன்படிக்கை ஒன்று நடைமுறைக்கு வரவில்லை. எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய எண்ணில் தமிழெழுத்தை வைத்தார்கள். ஒருவர் ‘க’ வைத்த இடத்தில் மற்றொருவர் ‘ண’ வைத்திருப்பார். எழுதியவரிடம் இருந்த எழுத்துரு படிப்பவரிடம் இல்லையானால், தேவாரமும் திருவாசகமும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலாய்த் தோன்றும். மதுரைத் திட்டத்தாரும் முதலில் மயிலை, இணைமதி முதலிய எழுத்துருக்களில்தான் நூல்களை வெளியிட்டார்கள். பின்னர், பல நாடுகளிலிருந்த தமிழ்க் கணினி அன்பர்கள் தங்களுக்குள் கலந்து பேசி டிஸ்கி என்னும் பொதுக் குறியேற்றத்தை வகுக்கவே, 1999 முதல் அதற்கு மாறினார்கள். உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோடு பரவியபின், 2004 முதல் அதிலும் வெளியிடத் தொடங்கினார்கள்.

இந்த மாற்றம் ஓர் எண்ணை அழித்து இன்னோர் எண்ணை எழுதுவதோடு முடிகிற காரியமன்று. நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘செஞ்சி’ என்று கையால் எழுதும்போது முதலில் கொம்பு போட்டு, அதன்பின் சகரம் எழுதுகிறோம். டிஸ்கியும் அப்படியே கை எழுதும் வரிசையைப் பின்பற்றி, கொம்பை முன்னால் வைத்தது. யூனிகோடு வாய் உச்சரிக்கும் வரிசையைப் பின்பற்றுகிறது: முதலில் சகரம், அதற்கு எண் 2970, பிறகே எகரக் குறி, அதற்கு எண் 3014. அதன்பின் ஞகரம், புள்ளி, மீண்டும் சகரம், இகரக் குறி. கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தெரியும் சொல், கணினிக்கு ஆறு எண்கள். அந்த எண்களைக் கோப்பில் எழுதி வைக்கும் முறைகளில், கென் தாம்ஸனும் ராப் பைக்கும் 1992-ல் வகுத்த யூடிஎஃப்-8 என்பதே இன்று உலக வழக்கு. அதன்படி ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு. 2970 என்ற சகரம் 224, 174, 154 என்ற மூன்று சிறு எண்களாய்ப் பிரிந்து கோப்பில் குடியிருக்கிறது. ஆக, செஞ்சிக்கு 18 பைட்டு. இவ்விதம் கொம்பையும் எழுத்தையும் இடம் மாற்றி, ஒகர ஓகாரங்களில் எழுத்துக்கு இருபுறமும் பிரிந்து கிடக்கும் துண்டுகளை ஒன்றாய்ச் சேர்த்து, நூல் நூலாக மாற்றிக் கொடுத்ததனால்தான், 1998-ல் யாரோ ஓர் அன்பர் இரவு கண்விழித்துத் தட்டச்சிட்ட ஒரு பாடலை இன்று ஒரு பள்ளி மாணவி தன் செல்பேசியில் தேடிப் படிக்க முடிகிறது. இதனைத் தூர்வாரல் என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

மதுரைத் திட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் மற்றொரு விஷயம் அதன் எளிமை. ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண். அந்த எண்ணைக் கொண்டதே கோப்பின் பெயர். பக்கங்கள் வெறும் எழுத்தாலான எச்டிஎம்எல் கோப்புகளாகவும் பிடிஎஃப் கோப்புகளாகவும் இருக்கின்றன. தளங்களில் இருவகை உண்டு. ஒன்றில், பக்கம் முன்னதாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது; கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். மற்றொன்றில், யாரேனும் வந்து கேட்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நிரல் ஓடி, தரவுத்தளத்திலிருந்து செய்திகளைத் திரட்டி, அப்போதைக்கப்போது பக்கத்தைச் சமைத்துக் கொடுக்கிறது. பின்னதில் வசதிகள் அதிகம். ஆனால் அந்த நிரலுக்கும், அதன் துணை நிரல்களுக்கும், தரவுத்தளத்துக்கும் இடைவிடாது புதுப்பிப்பு வேண்டும். செய்யத் தவறினால் உள்ளே புகுந்து நாசம் செய்வதற்கென்றே தானியங்கி நிரல்கள் சதா தேடி அலைந்துகொண்டிருக்கின்றன. அரசாங்கத்துக்கும் வங்கிக்கும் அது தேவை. வாரம் இரண்டு மணி நேரம் மட்டுமே ஒதுக்கக்கூடிய தொண்டர்களைக் கொண்ட குழுவுக்கு முதல் வகையே ஏற்றது என்பது என் திடமான அபிப்பிராயம்.

எளிமையில் இன்னொரு நன்மையும் அடங்கியிருக்கிறது. 300 பக்கமுள்ள ஒரு தமிழ் நூலில், பக்கத்துக்கு 1500 குறிகள் என்று வைத்துக்கொண்டாலும், மொத்தம் சுமார் பதின்மூன்றரை லட்சம் பைட்டுதான் ஆகும். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக் குன்றைச் செல்பேசியில் ஒரே ஒரு படம் எடுத்து, அளவைக் குறைக்காமல் தளத்தில் ஏற்றினால், அது அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடும். எங்கள் பழைய தளத்தின் முகப்பில் அத்தகைய படங்கள் பன்னிரண்டு இருந்தன. கோட்டை அடிவாரத்தில், பாறைகளுக்கிடையே சமிக்ஞை மங்கலாக வரும் இடத்தில் நின்று அதைத் திறக்க முயன்றவர்கள் எத்தனை பேர் பாதியிலேயே கைவிட்டிருப்பார்களோ! யாருக்காக அத்தளத்தை ஏற்படுத்தினோமோ அவர்களுக்கே அது எட்டவில்லை.

யாருக்காக என்ற கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால் வேறு சில பிழைகளையும் தவிர்த்திருப்போம். 2025-ஆம் ஆண்டு ஜூலை 11 அன்று, பாரிஸில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டைப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக் கோட்டைகள் பதினொன்றோடு தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. அதன்பின் எங்கெங்கிருந்தோ மக்கள் வருகிறார்கள். அவர்கள் செல்பேசியை எடுத்துத் தேடுவது எங்கள் குழுத் தலைவரின் வாழ்த்துரையை அன்று. நிர்வாகிகளின் புகைப்படத்தையும் அன்று. ராஜகிரி ஏற எந்நேரத்துக்குள் வர வேண்டும், வழியில் குடிதண்ணீர் கிடைக்குமா, வயதான தாயாரை எதுவரை அழைத்துச் செல்லலாம், கோட்டையின் மற்றொரு குன்றான கிருஷ்ணகிரிக்கு எப்படிப் போவது என்பவையே அவர்கள் கேள்விகள். தொண்டு செய்ய முன்வருகிறவனுக்கு, அடுத்த ஞாயிறு எங்கே, எத்தனை மணிக்குக் கூட வேண்டும் என்பது தெரிந்தால் போதும். இந்தச் செய்திகளுக்கு அருகே, கடைசியாகச் சரிபார்த்த தேதியும் இருந்தாக வேண்டும். பழைய நேரத்தை நம்பி வந்து, மூடிய வாயிலின் முன் குழந்தைகளோடு நிற்கும் ஒரு குடும்பத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தேதியின் மதிப்பு தெரியும்.

ராஜகிரியின் உச்சிக்குச் சற்றுக் கீழே, சிகரத்தைப் பிரிக்கும் ஆழமான பிளவு ஒன்று இருக்கிறது. அதன் குறுக்கே உள்ள பாலம் ஒன்றே வழி. பாலத்தை நீக்கிவிட்டால் சுமார் 800 அடி உயரத்திலுள்ள அந்த உச்சியை அணுக முடியாது. முகலாயர் படையைக் கோட்டை ஏழாண்டுக்கு மேல் தடுத்து நிறுத்திய ரகசியங்களுள் இதுவும் ஒன்று. பகைவனைத் தடுக்க ஒரே வழி இருப்பது நல்லதுதான். பொதுக்காரியத்துக்கான ஒரு தளத்துக்கு ஒரே கடவுச்சொல்லும், அது ஒரே ஒருவர் கையிலும் இருந்தால், அவர் ஊரைவிட்டுப் போகும் நாளில் பாலம் நீங்கிவிடுகிறது. பெயரைக் குழுவின் பெயரில் பதிந்து, நினைவூட்டல்கள் குழுவின் பொது மின்னஞ்சலுக்கு வரும்படி செய்து, சாவிகளை இரண்டு மூன்று பேரிடம் ஒப்படைத்து, வாடகை கட்டும் மாதத்தைக் காரியதரிசியின் வரவு செலவு நோட்டிலேயே எழுதி வைப்பதற்கு எந்த விஞ்ஞானமும் தேவையில்லை.

பிரதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அதோடு சாம்பலாயின. அந்த வடு ஆறாத மண்ணின் எழுத்துகளைக் காக்கவென்று 2005-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் என்னும் தளம், இலங்கைத் தமிழர்களின் நூல்களையும் இதழ்களையும் ஒவ்வொரு பக்கமாகப் படம்பிடித்துச் சேர்த்து வருகிறது. மதுரைத் திட்டத்தார் தம் கோப்புகள் ஒவ்வொன்றின் முகப்பிலும் தட்டச்சிட்டவர், பிழை திருத்தியவர் பெயர்களைக் குறிப்பிட்டு, அம்முகப்பை நீக்காமல் எவரும் இதைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு தளம் மறைந்தாலும் ஆயிரம் வீடுகளில் பிரதி இருக்கும். செய்தவர்களின் பெயரும் கூடவே இருக்கும். குடிமராமத்துக்காரர்களுக்குக் கிடைக்காத கௌரவம் இது. எங்கள் தளம் மறைந்தபோது, இணையப் பக்கங்களை 1996 முதல் சேகரித்துவரும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் ஸ்தாபனத்தின் களஞ்சியத்திலிருந்து என் கட்டுரைகளில் நான்கு கிடைத்தன. படங்கள் ஒன்றும் கிடைக்கவில்லை.

குழு இப்போது மீண்டும் கூடியிருக்கிறது. புதிய தளத்தில் எட்டே பக்கங்கள், சிறிய படங்கள், மூவரிடம் சாவி. வாடகை கட்டும் மாதம் தை. ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிறும், குப்பை பொறுக்கி முடிந்தபின், ஒருவர் கோட்டை வாயிலில் உட்கார்ந்து எட்டுப் பக்கங்களையும் திறந்து படித்து, மாறிய செய்தியைத் திருத்துவது என்று தீர்மானித்திருக்கிறோம். திருநாதர்குன்று, மேல்சித்தாமூர் சமண மடம், ஊர் ஏரிகள் ஆகியவற்றைப் பற்றிய பழைய குறிப்புகளைத் தட்டச்சிட இன்னும் கைகள் வேண்டியிருக்கின்றன. தமிழில் தட்டச்சத் தெரிந்து, வாரம் ஒரு மணி நேரம் அவகாசமும் உள்ள செஞ்சி வட்டாரத்து அன்பர்கள் ஏதேனும் ஒரு ஞாயிறு காலை கோட்டை அடிவாரத்துக்கு வரட்டும். வெளியூரில் இருப்பவர்கள், தங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய தமிழ் நூல்களை ஒரு முறை இறக்கிப் பாருங்கள். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தவையானால், அவற்றுக்கு மதுரைத் திட்டத்தில் இடம் உண்டு.